வெளுத்த விரல்களும் பத்து மடங்கு லென்ஸும்: நகமடிப்பு ரத்த நுண்குழாய்ப் பரிசோதனை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீலகிரியில் பனிக்காலம் வந்தால் "விரல் வெளுத்துப் போகுது, மரத்துப் போகுது" என்று சொல்லாதவர்கள் குறைவு. டிசம்பர், ஜனவரியில் பள்ளமான இடங்களில் உறைபனி விழும். விடிந்ததும் ஈரக் கொழுந்தில் கை வைக்கிறவர்களுக்கு இது ஒரு நோயாகவே தோன்றாது, குளிரின் கணக்கில் எழுதிவிடுவார்கள். மருத்துவர்கள் சொல்வதும் பெரும்பாலும் அதேதான்: கையுறை போடுங்கள், கையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது போதும் என்பதும் உண்மை.

குளிர் பட்டதும் விரல்களின் சிறு ரத்தக் குழாய்கள் இறுகி, விரல் வெள்ளையாகி, நீலமாகி, சூடேறும்போது சிவப்பதற்கு ரேனாட் என்று பெயர். 1862-ல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனாடின் பெயரால் வந்தது. பலருக்கு இது வெறும் தொல்லை, அதற்குமேல் ஒன்றுமில்லை. சிலருக்கு மட்டும் இது உள்ளே தொடங்கிவிட்ட ஒரு தன்னெதிர்ப்பு நோயின் (எதிர்ப்புச்சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோயின்) முதல் அறிகுறி. அதில் முக்கியமானது ஸ்க்ளீரோடெர்மா, அதாவது தோலும் ரத்தக் குழாய்களும் உள்ளுறுப்புகளும் தடித்து இறுகும் நோய். தோல் இறுகத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே விரல் வெளுக்க ஆரம்பித்துவிடலாம். இரண்டு வகையையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிப்பது கஷ்டம். பிரிக்க உதவுவன இரண்டு: ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடிகள்), நகமடிப்பில் உள்ள நுண்குழாய்கள்.

நகத்தின் அடியில், தோல் நகத்தின் மேல் மடிந்து நிற்கும் இடத்தைத்தான் நகமடிப்பு என்கிறோம். உடம்பின் மற்ற இடங்களில் நுண்குழாய்கள் தோலுக்குச் செங்குத்தாக மேலேறி வருவதால் அவற்றின் நுனி மட்டும்தான் புள்ளியாகத் தெரியும். இங்கே அவை தோலுக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. அதனால் ஏறும் காலும் இறங்கும் காலும் சேர்ந்து முழு வளையமாகவே தெரியும். மேட்டுப்பாளையம் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளை மேலிருந்து பார்ப்பதுபோல, ஒரே மாதிரியான மெல்லிய வளையங்கள் வரிசையாக நிற்கும். நல்ல விரலில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏழு அல்லது அதற்கு மேல் இருக்கும். ஒவ்வொரு காலின் அகலமும் 20 மைக்ரானுக்குள் இருக்கும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்).

இதைப் பார்ப்பதற்கென்றே 200 மடங்கு பெரிதாக்கும் வீடியோ கருவி உண்டு. எங்களிடம் இல்லை. எங்களுடையது சிறிய மருத்துவமனை. மூட்டு, தன்னெதிர்ப்பு நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி நிபுணர் வேண்டுமென்றால் மலையிறங்கிக் கோவை போக வேண்டும், கூலி வேலை செய்பவருக்கு அது ஒரு நாள் சம்பளம். எங்களிடம் இருந்தவை தோல் பார்க்க வாங்கிய பத்து மடங்கு டெர்மாஸ்கோப் ஒன்றும், கண்ணுக்குள் பார்க்கும் ஆப்தல்மாஸ்கோப் ஒன்றும். ஆப்தல்மாஸ்கோப்பின் லென்ஸைப் பிளஸ் 40-க்குத் திருப்பி, விரலிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் அதுவும் கிட்டத்தட்ட பத்து மடங்கு காட்டும். 1982-லேயே இப்படிப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

கீழே வரும் நிகழ்வில் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

முதல் வருகை

வயது 38. பல வருடங்களாக எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். அவர் வந்தது விரலுக்காக அல்ல. தலைவலி மாத்திரை தீர்ந்துவிட்டது, திரும்ப எழுதித் தரச் சொல்லி வந்தார். மாத்திரை ப்ரோப்ரனலால் 40 மில்லிகிராம். ஒற்றைத் தலைவலிக்காக வேறோர் இடத்தில் தொடங்கி ஒரு வருடமாக எடுத்துவந்தார்.

ரத்த அழுத்தம் பார்த்து முடித்த நர்ஸ், "ஆக்ஸிமீட்டர் இவங்க விரல்ல பிடிக்கவே மாட்டேங்குது, டாக்டரம்மா" என்றார். கை சில்லென்று இருந்தது, இரண்டு விரல் நுனிகள் வெளுத்திருந்தன. நிறம் மாறுமா என்று கேட்டதற்கு, "மொதல்ல வெள்ளை, அப்புறம் நீலம். அடுப்புப் பக்கம் போனா செவந்து எரியும். இந்தக் குளிர்ல யாருக்குத்தான் வெளுக்காது, டாக்டரம்மா?" என்றார்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. கையோடு கிடைத்த காரணங்களே மூன்று: குளிர், ஈரத்தில் செய்யும் வேலை, ப்ரோப்ரனலால். ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகள் விரல் வெளுப்பதைக் கிளப்பிவிடும் என்பது தெரிந்த விஷயம். மாத்திரையை மாற்றிவிட்டு அனுப்பியிருந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் சில விஷயங்கள் இடித்தன. தொல்லையில்லாத வகை ரேனாட் பெரும்பாலும் பதின்பருவத்திலோ இருபதுகளிலோ தொடங்கும். இவருக்குத் தொடங்கியது 36 வயதில், மாத்திரைக்கும் முந்தைய பனிக்காலத்தில். ஏப்ரல் மாதத்தில் பாத்திரம் கழுவும்போதும் வருகிறது. கல்யாண மோதிரத்தைப் போன வருடத்திலிருந்து கழற்ற முடியவில்லை. காலையில் விரல்கள் உப்பி, முஷ்டி மடக்கச் சிரமமாக இருக்கிறது. நெஞ்செரிச்சலும் உண்டு, அது சாயங்கால டீயால் என்று விட்டுவிட்டார். உப்பலுக்காக எங்கேயோ சில நாள் ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள்.

தோல் எங்கும் இறுகவில்லை. விரல் நுனியில் புண்ணோ குழியோ இல்லை. நெஞ்சில் சத்தம் சுத்தம். ரத்த அழுத்தம் 118/76. தசைப் பலவீனமோ, கண்ணிமையிலோ விரல் முட்டிகளிலோ தடிப்போ இல்லை. இதைக் குறிப்பிடக் காரணம், டெர்மட்டோமயோசைட்டிஸ் என்ற தசை நோயிலும் நகமடிப்பு இதே மாதிரி கெட்டுப்போகும்.

நகமடிப்பைப் பார்த்த விதம்

குளிரிலிருந்து நேரே வந்த கையில் பார்த்துப் பயனில்லை. குழாய்கள் இறுகியிருந்தால் இல்லாத வெற்றிடம் எல்லாம் தெரியும். ஹீட்டர் போட்ட அறையில் இருபது நிமிடம் போல உட்காரவைத்தோம். நகப்பூச்சு இல்லை. நகத்தின் அடி ஓரத்து மெல்லிய தோலான கியூட்டிக்கிளை வெட்டும் பழக்கமும் அவருக்கு இல்லை. அப்படி வெட்டியிருந்தால் சில வாரம் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

கையை மேஜையில், இதயத்தின் உயரத்தில், சுருட்டிய துண்டின் மேல் வைத்தோம். நகமடிப்பில் ஸ்கேன் ஜெல் ஒரு துளி. இந்தத் துளிதான் பாதி வேலையைச் செய்கிறது: காய்ந்த தோலின் மேல் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தை அது அடக்கிவிடும். நம்மூர்க் கறுத்த தோலில் ஜெல் இல்லாமல் பார்த்தால் பழுப்பு நிறமும் மினுமினுப்பும் தவிர வேறொன்றும் தெரியாது. டெர்மாஸ்கோப்பின் கண்ணாடி ஜெல்லைத் தொட வேண்டும், தோலை அழுத்தக் கூடாது. கொஞ்சம் அழுத்தினாலும் ரத்தம் விலகி வளையங்கள் மறைந்துவிடும். அழுத்தியபடி பார்ப்பவர் அங்கே ரத்தக் குழாயே இல்லை என்று எழுதிவைப்பார். கை நடுங்காமல் இருக்கச் சுண்டுவிரலை மேஜையில் ஊன்றிக்கொண்டு பிடிப்பது நல்லது. இது சொல்லிக் கொடுத்து வராது, பழகித்தான் வரும்.

கட்டைவிரல் நீங்கலாக எட்டு விரல்களையும் பார்த்தோம். மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும்தான் தோல் மெல்லியதாக, தெளிவாக இருக்கும். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு காரணமும் சேர்கிறது. அவர்களுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நாள் முழுக்கக் காம்பை ஒடிக்கின்றன. நகமடிப்பு காய்த்து, கறை பிடித்து, சின்னச் சின்னக் காயங்களோடு இருக்கும். அங்கே ஒரு ரத்தப் புள்ளி தெரிந்தால் அது நோயா, வேலையா என்று சொல்ல முடியாது. அதனால் மோதிர விரலில் தெரிவதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வது என்று பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துகொண்டோம். பார்த்த பிறகு முடிவு செய்தால் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆசை வந்துவிடும்.

முதலில் நர்ஸின் விரலைப் பார்த்தோம். அதே அறை, அதே ஜெல், அதே லென்ஸ். பத்து மடங்கில் நல்ல வளையங்கள் மெல்லிய சிவப்புக் கீறல்களாக மட்டுமே, கண்ணைச் சுருக்கினால்தான் தெரிந்தன. நல்ல விரல் எப்படியிருக்கும் என்று அன்றைய கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

தெரிந்தது

அவருடைய இடது மோதிர விரலில் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே பார்வையில் மூன்று வளையங்கள் தடித்து, உப்பி, பக்கத்து வளையங்களைவிடப் பல மடங்கு அகலமாக நின்றன. டெர்மாஸ்கோப்பின் கண்ணாடியில் மில்லிமீட்டர் கோடு இருந்தாலும் மைக்ரான் கணக்கில் அளக்க இந்த லென்ஸால் ஆகாது. ஆனால் 50 மைக்ரானைத் தாண்டிய ராட்சத வளையத்தை அடையாளம் காண அளவுகோல் தேவைப்படுவதில்லை. அவற்றுக்கு நேர்மேலே, கியூட்டிக்கிள் ஓரத்தில், கருஞ்சிவப்புப் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக. நுண்குழாயிலிருந்து கசிந்த ரத்தம் நகம் வளர வளர வெளிப்பக்கமாக நகர்ந்துபோவதால் இப்படி அடுக்காகத் தெரியும்.

வலது மோதிர விரலிலும் ராட்சத வளையம் ஒன்று இருந்தது. சுண்டுவிரல்களில் புள்ளிகள் மட்டும். நடுவிரல்கள் தெளிவில்லை. ஆள்காட்டி விரல்களில் காய்ப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, அவற்றை 'பார்க்க இயலவில்லை' என்றே எழுதினோம். 'இயல்பு' என்று எழுதவில்லை. இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் நடுவே ஒரு நோயாளியைத் தொலைத்துவிடலாம்.

ஆப்தல்மாஸ்கோப்பிலும் பார்த்தோம். பச்சை வடிகட்டி போட்டால் ரத்தம் கறுப்பாகத் தெரிவதால் ராட்சத வளையங்கள் அதிலும் தெரிந்தன. ஆனால் படம் எடுக்க வழியில்லை. டெர்மாஸ்கோப்பில் செல்போனை ஒட்டிப் படம் எடுத்தோம். எந்தக் கை, எந்த விரல், என்ன தேதி என்று ஒவ்வொரு படத்துக்கும் முன்பாக ஒரு சீட்டை வைத்து அதையும் படமெடுத்துக்கொண்டோம். இந்தச் சீட்டு இல்லாவிட்டால் ஒரு வருடம் கழித்து எட்டு விரல்களும் ஒரே மாதிரி இருக்கும்.

இந்தக் கருவிகள் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. ராட்சத வளையம், ரத்தக் கசிவு, நுண்குழாய்களே இல்லாத பெரிய வெற்றிடம் மூன்றும் பத்து மடங்கில் தெரியும். ஒரு மில்லிமீட்டரில் ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருக்கிறது என்ற நுட்பமான குறைவு தெரியாது. லேசான விரிவும் நழுவிவிடும். ஆகவே கெட்டது தெரிந்தால் நம்பலாம், ஒன்றும் தெரியாவிட்டால் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2013-ல் அமெரிக்க, ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட ஸ்க்ளீரோடெர்மா அளவுகோலில் நகமடிப்புக் கோளாறுக்கு 2 மதிப்பெண் உண்டு.

அன்று எடுத்த முடிவுகள்

அந்த அளவுகோலின்படி கூட்டினால்: ரேனாட் 3, உப்பிய விரல்கள் 2, நகமடிப்பு 2. மொத்தம் 7. ஸ்க்ளீரோடெர்மா என்று வகைப்படுத்த 9 வேண்டும். அந்த அளவுகோல் ஆராய்ச்சிக்காக நோயாளிகளை வகைப்படுத்த வந்தது, மருத்துவம் பார்க்க அனுமதிச் சீட்டு அல்ல. 9 வரும்வரை காத்திருந்தால் உறுப்பு கெடும்வரை காத்திருப்பதாக ஆகிவிடும். அதே சமயம் 7-ஐ வைத்துக்கொண்டு "உங்களுக்கு இந்த நோய்" என்று சொல்லவும் கூடாது.

அவரிடம் சொன்னது இதுதான்: "குளிர் மட்டும் இல்லம்மா, ரத்தக் குழாயிலயே ஏதோ ஆரம்பிச்சிருக்கு. என்னன்னு உறுதியா இப்ப சொல்ல முடியாது. ரத்தம் பார்க்கணும், நுரையீரல் பார்க்கணும்." அவர் முதலில் கேட்டது, "வேலைக்குப் போகலாமா?" போகலாம் என்றோம், கையுறையோடு, உடம்பையும் சூடாக வைத்துக்கொண்டு. கையை மட்டும் போர்த்தி உடம்பைக் குளிரில் விட்டாலும் விரல் வெளுக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

ப்ரோப்ரனலாலைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, தலைவலிக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் கொடுத்தோம். விரலுக்கு, ரத்தக் குழாயைத் தளர்த்தும் நிஃபெடிபின் ரிடார்ட் கொடுத்ததும் தலைவலி கூடியதால் அம்லோடிபின் 5 மில்லிகிராமுக்கு மாறினோம். ஸ்டீராய்டு வேண்டவே வேண்டாம் என்று சீட்டில் பெரிதாக எழுதினோம். இந்த நோயில் நாளொன்றுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் ப்ரெட்னிசலோன் கொடுத்தால், ரத்த அழுத்தம் திடீரென்று ஏறிச் சிறுநீரகம் செயலிழக்கும் அபாயம் கூடுகிறது. எங்கேயோ மறுபடியும் 'உப்பலுக்கு ஒரு மாத்திரை' கிடைத்துவிடக் கூடாது என்பதுதான் அவசரம்.

ரத்தப் பரிசோதனை 'இல்லை' என்றபோது

ஏ.என்.ஏ., அதாவது செல்லின் கருவைத் தாக்கும் எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் ரத்தப் பரிசோதனை, எதிர்மறை என்று வந்தது.

நிறையப் பேர் இங்கேதான் நின்றுவிடுவார்கள். ஏ.என்.ஏ. இல்லை, காரணமாகச் சொல்ல மாத்திரையும் இருந்தது, குளிரும் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தியபின் விரல் வெளுப்பது உண்மையிலேயே குறைந்திருந்தது, நிற்கத்தான் இல்லை. ஒரு பக்கம் ஆய்வகத்தின் அச்சடித்த தாள், மறுபக்கம் செல்போனில் எடுத்த படம். எதை நம்புவது?

தாளை மறுபடி படித்தோம். பரிசோதனை எலைசா முறையில் செய்யப்பட்டிருந்தது. எலைசாவில், தட்டில் ஒட்டிவைத்திருக்கும் குறிப்பிட்ட சில புரதங்களுக்கு எதிரானவை மட்டும்தான் அகப்படும். ஸ்க்ளீரோடெர்மாவில் வரும் சில எதிர்ப்புப் புரதங்கள் அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம், குறிப்பாகச் செல்லின் கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸைத் தாக்குபவை. ஹெப்-2 என்ற ஆய்வகச் செல்களின் மேல் ஒளிரும் முறையில் பார்த்தால் முழுச் செல்லும் கண்ணுக்குத் தெரியும் என்பதால் அவை தப்பாது. ஆரோக்கியமான நகமடிப்பில் ராட்சத வளையம் வருவதில்லை என்பது நிலையான விஷயம். அது இரண்டு கையிலும் இருந்தது. ஆகவே படத்தை நம்பி, ரத்தத்தை ஒளிரும் முறையில் மறுபடி அனுப்பினோம்.

நேர்மறை. நியூக்ளியோலார் வகை, அளவும் உயர்வாக இருந்தது.

கனடாவில் ரேனாட் உள்ள 586 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. நகமடிப்புக் கோளாறும் ஸ்க்ளீரோடெர்மாவுக்குரிய எதிர்ப்புப் புரதமும் சேர்ந்து இருந்தவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாக வெளிப்பட்டது. இரண்டும் இல்லாதவர்களில் 1.8 சதவீதம் பேருக்குத்தான். ஒரு பத்து மடங்கு லென்ஸும் சரியான முறையில் செய்த ஒரு ரத்தப் பரிசோதனையும் சேர்ந்து இவ்வளவு தூரம் பிரித்துக் காட்டுகின்றன. மலையிறங்கிப் போகச் சொல்ல இனி எங்களுக்குத் தயக்கம் இல்லை.

கோவையில்

ருமட்டாலஜி நிபுணர் வீடியோ கருவியில் பார்த்து ராட்சத வளையங்களை உறுதி செய்தார். நாங்கள் பார்க்காத ஒன்றும் அதில் தெரிந்தது: வலது நடுவிரலில் வளையங்களின் எண்ணிக்கை ஒரு மில்லிமீட்டருக்கு ஐந்தாகக் குறைந்திருந்தது. விரிவான எதிர்ப்புப் புரதப் பரிசோதனையில் டி.ஹெச்/டி.ஓ என்ற வகை நேர்மறையாக வந்தது. தோலை அதிகம் தொடாமல் நுரையீரலையும் நுரையீரல் ரத்தக் குழாயையும் தேடிப் போகும் வகை இது. 2013 அளவுகோலில் மதிப்பெண் பெறும் மூன்று புரதங்களில் இது இல்லை. ஆகவே மதிப்பெண் 7-லேயே நின்றது.

நுரையீரல் சி.டி. ஸ்கேன் சுத்தம். மூச்சுக் கொள்ளளவு எதிர்பார்ப்பதில் 84 சதவீதம். வாயு பரிமாற்றத் திறன் 68 சதவீதம், கொஞ்சம் குறைவு. இதய எக்கோவில் நுரையீரல் ரத்தக் குழாய் அழுத்தம் உயரவில்லை. தசை நொதி இயல்பு. மிக ஆரம்ப நிலை என்று எழுதி, எதிர்ப்புச்சக்தியைக் குறைக்கும் மருந்து எதுவும் தொடங்காமல், நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோலும் விரலுக்கு அம்லோடிபினும் தொடரச் சொல்லி அனுப்பினார். கண்காணிப்பு எங்கள் பொறுப்பு: மாதம் ஒருமுறை ரத்த அழுத்தம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனையும் ஆறு நிமிட நடைப் பரிசோதனையும், வருடத்துக்கு ஒருமுறை எக்கோவும் நுரையீரல் பரிசோதனையும்.

தொடர்ந்து நடந்தது

முதல் சில மாதங்கள் அமைதி. மழைக்காலத்தில் ஒருமுறை நகமடிப்பைப் பார்த்தபோது இடது மோதிர விரலின் மூன்று ராட்சத வளையங்களில் ஒன்று காணாமல் போயிருந்தது. அந்த இடம் வெறுமையாக இருந்தது. பழைய படத்தை வைத்துக்கொண்டு பார்த்திருக்காவிட்டால் 'வளையம் குறைந்திருக்கிறது, முன்னேற்றம்' என்று கூடத் தோன்றியிருக்கும். இந்த நோயில் போக்கு தலைகீழ்: முதலில் உப்பும், அப்புறம் அழியும். ராட்சத வளையம் மறைவது நோய் அடுத்த கட்டத்துக்குப் போவதன் அடையாளமாக இருக்கலாம்.

அடுத்த பனிக்காலத்தில் மேடேறும்போது மூச்சு வாங்குகிறது என்றார். தேயிலைச் சரிவில் கூடையோடு ஏறுகிறவருக்கு மூச்சு வாங்குவதில் என்ன அதிசயம் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நடைப் பரிசோதனையில் ஒரு சிக்கல். இந்த உயரத்தில் ஆரோக்கியமானவருக்கே ஆக்ஸிஜன் அளவு கீழ்நாட்டைவிடக் கொஞ்சம் குறைவுதான். அதோடு இவருடைய விரல்களில் ரத்த ஓட்டமே சரியில்லை. முதல் நாள் நர்ஸ் கவனித்தது அதைத்தான். விரல் ஆக்ஸிமீட்டர் காட்டும் எண்ணை இவரிடம் நம்ப முடியாது. காது மடலில் மாட்டும் முனையை வைத்துப் பார்த்தோம். உட்கார்ந்திருக்கும்போது 95, ஆறு நிமிட நடையின் முடிவில் 88. விரலில் அதே நேரம் 79 என்று ஒருமுறையும், படிக்க முடியவில்லை என்று மறுமுறையும் காட்டியது.

வருடாந்திரப் பரிசோதனைக்குக் காத்திராமல் கோவைக்கு அனுப்பினோம். சி.டி. ஸ்கேனில் இரண்டு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் மங்கலான மூட்டம். கொள்ளளவு 76, வாயு பரிமாற்றம் 57. எக்கோ மாறவில்லை. நுரையீரல் பாதிப்புக்கு 2 மதிப்பெண், மொத்தம் 9. தோல் அப்போதும் இறுகியிருக்கவில்லை.

எதிர்ப்புச்சக்தியைக் குறைக்கும் மருந்தான மைக்கோஃபினலேட் தொடங்கினார்கள். 2016-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் இது பழைய மருந்தான சைக்ளோபாஸ்பமைடு அளவுக்கு நுரையீரலுக்குப் பயன் தந்தது, தாங்கிக்கொள்ளவும் எளிதாக இருந்தது. கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும் மருந்து என்பதால் முதலில் அதைப் பற்றிக் கேட்க வேண்டும். இவருக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகியிருந்தது. காசநோய் இல்லை என்று உறுதி செய்தபின் 500 மில்லிகிராம் இருவேளை என்று தொடங்கி, ரத்த அணுக்களைப் பார்த்துக்கொண்டே ஒரு கிராம் இருவேளைக்கு ஏற்றினார்கள். அந்தப் பனிக்காலத்திலேயே வலது நடுவிரல் நுனியில் ஒரு புண் வந்தது, வீடியோ கருவி வளையக் குறைவைக் காட்டிய அதே விரல். ரத்தக் குழாயை விரிக்கும் டடலாஃபில் சேர்த்து, கட்டுப் போட்டு, ஆற இரண்டு மாதம் ஆயிற்று. சின்னக் குழி ஒன்று மிச்சம்.

மருந்து தொடங்கி ஒரு வருடம் கழித்துக் கொள்ளளவு 77. ஏறவில்லை, ஆனால் இறங்குவது நின்றது. இந்த நோயில் அது நல்ல முடிவு. மருத்துவச் சான்றிதழை வைத்து எஸ்டேட்டில் பேசி, கொழுந்து பறிப்பதிலிருந்து குழந்தைகள் காப்பகத்துக்கு வேலையை மாற்றிக்கொண்டார். வருமானம் கொஞ்சம் குறைவு, கை நனைவதும் குறைவு.

நடைமுறையில் மாறியவை

முப்பது வயதுக்கு மேல் விரல் வெளுக்கத் தொடங்கியவர்கள், விரல் உப்பியவர்கள், கோடையிலும் வெளுப்பவர்கள் யாராக இருந்தாலும் வந்த அன்றே நகமடிப்பைப் பார்த்துவிடுகிறோம். டெர்மாஸ்கோப் பூட்டிய அலமாரியிலிருந்து புறநோயாளி மேஜைக்கு வந்துவிட்டது. ஏ.என்.ஏ. கேட்கும் சீட்டில் ஒளிரும் முறை என்று எழுதியே அனுப்புகிறோம். ஆய்வகம் வேறு முறையில் செய்தால் அந்த முடிவைக் கணக்கில் எடுப்பதில்லை.

நியூக்ளியோலார் வகை உள்ளவர்களுக்கு நுரையீரல் பரிசோதனையை வருடத்துக்கு ஒன்று என்பதிலிருந்து முதல் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று என்று மாற்றக் கேட்டுக்கொண்டோம், நிபுணரும் ஒப்புக்கொண்டார். காது மடல் ஆக்ஸிமீட்டர் முனை ஒன்று நடைப் பரிசோதனைக்கென்றே வாங்கி வைத்திருக்கிறோம்.

செல்போனில் ஓடும் யு.எஸ்.பி. நுண்ணோக்கி ஒன்றும் வாங்கினோம். பெட்டியில் ஆயிரம் மடங்கு என்று போட்டிருக்கும் எண்ணை நம்பத் தேவையில்லை. அசையாத ஸ்டாண்டு இருந்தால் வளையங்களை எண்ணும் அளவுக்கு நன்றாகவே காட்டுகிறது. கையில் பிடித்துப் பார்த்தால் படம் ஆடி எதற்கும் உதவாது. மில்லிமீட்டர் அளவுகோலை அதே உருப்பெருக்கத்தில் ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொண்டால் எண்ணிக்கைக்கு ஒரு நம்பகம் கிடைக்கும். முதலில் டெர்மாஸ்கோப்பில் எட்டு விரல், அதில் ஒன்றும் தெரியாவிட்டால் மோதிர விரல்களை மட்டும் இதில் எண்ணுவது என்று வைத்திருக்கிறோம்.

இவருடைய கதை தொழிலாளர் குடியிருப்பான லயனில் பரவியபின் விரல் காட்ட வந்தவர்கள் அதிகம். அதில் கவாத்து மிஷின் ஓட்டும் ஒருவரும் உண்டு, இரண்டு கையிலும் விரல் வெளுக்கிறது, மிஷினை இறக்கிவைத்த பிறகும் மரமரப்பு போகவில்லை. நகமடிப்பில் ராட்சத வளையம் இல்லை, எண்ணிக்கை எட்டு, ஒளிரும் முறையில் ஏ.என்.ஏ. எதிர்மறை. அதிர்வினால் வரும் விரல் வெளுப்பு என்று எழுதி, மிஷின் வேலையை ஆள் மாற்றிச் செய்யச் சொல்லி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தோம். அவருக்குக் கோவைப் பயணம் தேவைப்படவில்லை. அடுத்த பனிக்காலத்தில் மறுபடி பார்க்க வரச் சொல்லியிருக்கிறோம்.